முட்டை லாரி எந்தத் தரப்பு?

ஒருவருடைய வேலை சுட்டிக்காட்டுவது மட்டுமே என்றால், சுட்டிக்காட்டிய இடத்தில் பிறகு நடப்பதில் அவருக்குப் பங்கு உண்டா, இல்லையா? சமூகப்பணியில் முதுகலைப் பட்டம் பெற்ற ஒருத்திக்கு இந்தக் கேள்வி நீதிமன்ற வாசலிலோ ஆட்சியர் அலுவலகத்தின் மனுநாள் வரிசையிலோ எழுந்திருக்க வேண்டும். எனக்கு அது சேலம் ஃபேர்லேண்ட்ஸில், ஒரு பல் மருத்துவமனைக்கு மேலே இருந்த மாடி அலுவலகத்தில், கணினித் திரையில் ஒரு முட்டை லாரி வெடித்துச் சிதறியபோது எழுந்தது.

இந்த ஆண்டு நான் பணி ஓய்வு பெற்றேன். கணினி விளையாட்டுத் துறையில் ஓய்வு பெறும் வழக்கம் கிடையாது. விலகுவதும் விலக்கப்படுவதும்தான் உண்டு. ஆகவே ஐம்பத்தெட்டு வயதில் ஒருத்தி எவ்விதச் சண்டையுமின்றித் தன் நாற்காலியிலிருந்து எழுந்து போவதை எந்தத் தலைப்பில் பதிவு செய்வது என்று எங்கள் நிர்வாகப் பிரிவுக்குத் தெரியவில்லை. கடைசியில் ‘வேறு நல்ல வாய்ப்பு கிடைத்ததால்’ என்று பதிந்தார்கள். என்ன வாய்ப்பு என்று நான் கேட்கவில்லை. கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள் என்பதால், மறுமையைக் குறிக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

விடைபெற்ற நாளில், கேக் வெட்டிய கையோடு, புதிதாகச் சேர்ந்த சோதனையாளர்கள் என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டார்கள். நம் வேவு விமானம் ஒரு வண்டியைக் கண்டவுடனே குறியிட விடாமல், ஏன் இரண்டாம் முறை தாழப் பறந்து வரச் சொல்கிறோம்? ஆட்டத்தில் தொய்வு வருகிறது. இப்போது சோதனையில் பெரும்பகுதியைத் தானியங்கி நிரலே செய்துவிடுகிறது. அதுவும் இந்த இரண்டாம் சுற்றைத் ‘தேவையற்ற படி’ என்றே காட்டுகிறது. எடுத்துவிடலாமா? கேக் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லக்கூடிய பதில் அன்று என்னிடம் இல்லை. ஆகவே எழுதுகிறேன்.

படிப்பு முடிந்ததும் சில ஆண்டுகள் ஒரு தொண்டு நிறுவனத்தில் இருந்தேன். வறுமை ஒழிவதற்கு முன்பே அதை ஒழிப்பதற்கான நிதி ஒழிந்துவிட்டது. பிறகு இந்த அலுவலகத்தில் சேர்ந்தேன். அப்போது இங்கே வெளிநாட்டு மருத்துவர்கள் பேசி அனுப்புவதைத் தட்டச்சு செய்துகொடுத்தோம். பின்னர் படங்களைத் திருத்தினோம். அதன்பின் விளையாட்டுகளுக்கு மரமும் வீடும் வண்டியும் செய்துகொடுத்தோம். இறுதியில் அவ்விளையாட்டுகளை ஆடிப் பார்த்துப் பிழை சொல்வதும் எங்கள் வேலையாயிற்று. இத்தனை மாற்றங்களின்போதும் நான் அதே நாற்காலியில்தான் அமர்ந்திருந்தேன். எனக்குத் திரையில் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர்கள் விரைவில் சோர்ந்துவிட்டார்கள், நான் சோரவில்லை. எங்கள் பங்குத்தந்தை ஒருமுறை என் வேலையைப் பற்றி விசாரித்தார். விமானத்திலிருந்து தரையில் போகும் வண்டிகளைப் பார்ப்பது என்றேன். ஓமலூர் விமான நிலையத்தில் உள்ளூர்ப் பெண்களுக்கும் வாய்ப்பளிப்பது குறித்து அவர் மகிழ்ச்சி தெரிவித்தார். நான் திருத்துவதற்குள் வரிசையில் அடுத்தவர் வந்துவிட்டார்.

புதியவர்கள் கேட்ட அந்த விளையாட்டு ஒரு கற்பனைப் போரைப் பற்றியது. போர் விமானங்களும் குண்டு வீசும் விமானங்களும் வேறு நிறுவனங்களிடம் போய்விட்டன. எங்களுக்குக் கிடைத்தது ஒரு சிறிய வேவு விமானமும், அது மேலிருந்து தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய தரை வண்டிகளும்தான். ஒற்றை எஞ்சின், தலைக்கு மேலே இறக்கை, நாற்புறமும் கண்ணாடி. துப்பாக்கி கிடையாது. சைக்கிளைவிடச் சற்று வேகமாகப் போகும் என்று கேலி செய்வோம். அலுவலகத்தில் அதற்குத் தட்டான் என்று பெயர்.

தட்டானின் வேலைமுறை இது. சூரியன் முதுகுப்பக்கம் இருக்க வேண்டும். நேராகப் பறந்தால் விமானத்தின் மூக்கே தரையை மறைத்துவிடும். எனவே இடப்பக்கம் சாய்ந்து வட்டமிட்டு, பக்கக் கண்ணாடி வழியே பார்க்க வேண்டும். வண்டியைத் தேடக் கூடாது. முதலில் நிழலைத் தேட வேண்டும். நிழல் இல்லையென்றால் புழுதியை. புழுதியும் இல்லையென்றால், தோப்புக்குள் நுழைந்து வெளியே வராத சக்கரத் தடத்தை. கண்டதும் ஒரு பொத்தானை அழுத்தினால் வரைபடத்தில் சிவப்புப் புள்ளி விழும். அதன்பின் வேறு யாரோ வந்து அந்தப் புள்ளியின் மேல் குண்டு போடுவார்கள். மதிப்பெண்ணில் ஒரு பங்கு தட்டானுக்கு வந்து சேரும். அதற்குள் தட்டான் தொலைவில் அடுத்த நிழலைத் தேடிக்கொண்டிருக்கும். வெடிச்சத்தம்கூட அதற்குக் கேட்காதபடி ஒலியை அமைத்திருந்தார்கள். இந்த ஏற்பாட்டின் நேர்த்தி எனக்குப் புதிதாகப் படவில்லை. தொண்டு நிறுவனத்திலும் நான் ‘பயனாளிகளை அடையாளம் காணும்’ பிரிவில்தான் இருந்தேன்.

எங்கள் நிறுவனத்தின் உரிமையாளர் சண்முகவேல். நாமக்கல் பக்கம் நிலபுலன் உள்ள குடும்பம். தந்தையார் காலத்திலிருந்து லாரிக்கு பாடி கட்டும் பட்டறையும் உண்டு. அவர் யாரையும் கடிந்து பேசி நான் கேட்டதில்லை. பிழை கண்டால், “இது கொஞ்சம் வேற மாதிரி இருக்குதுங்களே” என்பார். பிழை பெரிதாக ஆக அவரிடம் மரியாதை கூடும். வழக்கமாக என்னை ‘மேடம்’ என்பவர் ‘அம்மணி’ என்று தொடங்கினால், ஏதோ பெரிதாகச் சரிந்திருக்கிறது என்று அறை முழுவதும் புரிந்துகொள்ளும்.

அவருக்கென்று ஒரு சோதனை முறை இருந்தது. வண்டி எதுவானாலும், செய்து முடித்ததும் திரையில் அதை மேலிருந்து காணும் கோணத்தில் வைக்க வேண்டும். அவர் அறைக்குள் வரமாட்டார். வாசலில் நின்றபடி, வெயிலில் பார்ப்பதுபோல் நெற்றியில் கைவைத்துப் பார்ப்பார். அங்கிருந்து என்ன வண்டி என்று அவருக்குத் தெரிந்தால் தேறியது, தெரியாவிட்டால் திரும்பியது. “எனக்கே தெரிஞ்சா எல்லாத்துக்கும் தெரியுமுங்க” என்பது அவர் வாதம். லாரிகளுக்கு நடுவே பிறந்து வளர்ந்த ஒருவர் தன்னைச் சராசரி மனிதராக எண்ணிக்கொண்டார் என்பது எங்களுக்கு அப்போது உறைக்கவில்லை. எங்களில் பெரும்பாலானோர் அதே ஊர்களைச் சேர்ந்தவர்கள்; எங்களுக்கும் தெரிந்தது.

வெளிநாட்டு வாடிக்கையாளர், இராணுவ வண்டிகளுக்கு நடுவே பொதுமக்களின் வண்டிகளும் ஓட வேண்டும் என்று கேட்டிருந்தார். பொதுமக்கள் வண்டிமேல் குறியிட்டால் மதிப்பெண் குறையும். ஆட்டக்காரர் யோசித்துப் பொத்தானை அழுத்துவார் என்பது எண்ணம். எந்த வண்டிகள் என்பதை எங்களிடமே விட்டுவிட்டார். பேருந்து, டிராக்டர், தண்ணீர் லாரி என்று செய்தோம். திருச்செங்கோட்டிலிருந்து வரும் இளைஞர்கள் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியைச் செய்து வைத்தார்கள். சண்முகவேல் வாசலிலிருந்து பார்த்து அதைத் தள்ளுபடி செய்தார். மேலிருந்து பார்த்தால் பீரங்கிபோலத் தெரியும், பாவம் யாராவது சுட்டுவிடுவார்கள் என்றார். அந்த முன்யோசனையை நாங்கள் வெகுநாள் மெச்சிக்கொண்டிருந்தோம். ரிக்கைத் தடுத்துவிட்ட நிம்மதியில் அந்த இடத்தில் முட்டை லாரியை வைத்தோம்.

முட்டை லாரியைச் செய்தவர் கோமதி. எங்களிடம் இருந்தவர்களில் கை மிகவும் தேர்ந்தவர். அவருடைய தந்தை பழனியப்பன் நாமக்கல்லிலிருந்து கேரளத்துக்கு முட்டை லோடு ஓட்டுபவர். அப்பாவின் வண்டியையே கோமதி மாதிரியாக வைத்துக்கொண்டார். அட்டைத் தட்டுகள் அடுக்கடுக்காக, காற்றுப் போக மேலே பச்சை வலை, பாதிக்குத் தார்ப்பாய். தார்ப்பாய்க் கயிற்றின் முடிச்சு சரியில்லை என்று சண்முகவேல் நான்கு முறை திருப்பி அனுப்பினார். ஐந்தாம் முறை வாசலில் நின்று, “கேரளா லோடுங்க” என்றார். அதற்குமேல் ஒரு கலைஞருக்கு என்ன பாராட்டு வேண்டும்?

சோதனை நடந்தது. எங்கள் சோதனையாளர்கள் தட்டானில் ஏறி, ஜேடர்பாளையம் கதவணையைப் பார்த்துச் செய்த ஒரு பாலத்தின் மேல் மணிக்கணக்கில் வட்டமிட்டார்கள். ஒருவர்கூட முட்டை லாரிமேல் குறியிடவில்லை. தவறான குறிகள்: இல்லை. சோதனைப் பிரிவின் பொறுப்பாளர் என்ற முறையில் தரச்சான்றில் நான் கையெழுத்திட்டேன்.

விளையாட்டு வெளியானதும் உலகம் முழுவதும் முட்டை லாரியைச் சுட ஆரம்பித்தார்கள்.

அடுக்கடுக்கான தட்டுகள், மேலே பச்சை வலை: இது வெடிபொருள் ஏற்றிய வண்டியல்லாமல் வேறென்ன என்று அவர்கள் கேட்டார்கள். இராணுவம்தானே வலைபோட்டு மறைக்கும்? மதிப்பெண் இழந்தவர்கள் கொதித்துப்போனார்கள். அது முட்டை என்று வாடிக்கையாளர் தரப்பில் விளக்கமளித்தபோது, இவ்வளவு முட்டையை யார் தின்பார்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்கு எங்கள் அலுவலகத்தில் பலரும் பதில் சொல்ல விரும்பினார்கள், நான் அனுமதிக்கவில்லை.

சில நாட்களில் வாடிக்கையாளரின் மேலாளர் காணொளி அழைப்பில் வந்தார். நல்ல மனிதர், எப்போதும் நன்றி சொல்லித் தொடங்கி நன்றி சொல்லி முடிப்பார். சிக்கலுக்கு எளிய தீர்வு இருப்பதாகச் சொன்னார். ஒவ்வொரு வண்டிக்கும் ‘தரப்பு’ என்று ஒரு மதிப்பு உண்டல்லவா? முட்டை லாரிக்கு அதில் ‘பொதுமக்கள்’ என்றிருக்கிறது. அதை ‘எதிரி’ என்று மாற்றிவிட்டால், குறியிட்டவர்கள் எல்லோரும் சரியாகக் குறியிட்டவர்கள் ஆகிவிடுவார்கள். இழந்த மதிப்பெண்ணும் திரும்பிவிடும். அப்படியானால் அந்த லாரியில் இருப்பது என்ன என்று கேட்டேன். உங்களுக்குப் பிடித்த எதையும் வைத்துக்கொள்ளுங்கள் என்று பெருந்தன்மையுடன் சொன்னார். மாற்றத்துக்கு என் தரச்சான்று மட்டும் வேண்டுமாம். அது வந்தால் அடுத்த ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசலாமாம்.

அவருடைய தர்க்கத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. லாரி ஒன்று, அதைத் தவறாகப் பார்த்தவர்கள் ஏராளம். பெரும்பான்மைக்கு விரோதமாக முட்டை ஏற்றிக்கொண்டு போனது லாரியின் குற்றம்தான். பார்ப்பவரின் கண்ணைத் திருத்துவதைவிடப் பார்க்கப்படுபவரின் பெயரை மாற்றுவது செலவு குறைந்த வழி என்பதை மனித வரலாறு முன்பே கண்டுபிடித்துவிட்டது. அதை ஒரே சொல்லில் செய்து முடிக்கும் வசதி கணினிக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

கோமதி என் மேசைக்கு வந்து நின்றார். “மாத்திருங்க மேடம். ஒரு வண்டிக்காக எல்லாத்து வேலையும் போகோணுமா?” என்றார். ஆனால் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னார்.

மாலையில் சண்முகவேல் டீ சொல்லிவிட்டு எதிரே அமர்ந்தார். அவர் அமர்ந்து பேசுவதே அரிது.

“அம்மணி, ஒரு சொல்லுத்தானுங்களே.”

“ஆமாங்க. ஒரு சொல்லுதான்.”

“மாத்துனா நம்ம பசங்க புள்ளைங்களுக்கு அடுத்த வருசமும் சோறு இருக்குமுங்க.”

“மாத்துனா அந்த வண்டியில முட்டை இருக்காதுங்க.”

“கம்ப்யூட்டருக்குள்ள ஏதுங்க முட்டை?”

“கம்ப்யூட்டருக்குள்ள ஏதுங்க தார்ப்பாய் முடிச்சு? அதுக்கு நாலு தடவை திருப்பி அனுப்புனீங்க.”

அவர் டீயைக் குடித்து முடித்தார். பிறகு, “பாத்துக்கலாமுங்க” என்று எழுந்து போனார். அந்தச் சொல்லுக்கு அவரிடம் இரண்டு பொருள்கள் உண்டு: நீங்கள் சொல்வதை ஏற்கிறேன்; அல்லது, உங்களுக்குப் பதில் வேறு ஆளிடம் கையெழுத்து வாங்கிக்கொள்கிறேன். எது என்று எனக்குத் தெரியவில்லை. உண்மையில் எனக்கும் உறக்கம் கெட்டது. கற்பனை லாரி ஒன்றின் மானத்துக்காக உயிருள்ள மனிதர்களின் சம்பளத்தைப் பணயம் வைப்பது எந்தச் சமூகப்பணி என்று என்னையே கேட்டுக்கொண்டேன். ஆனால் வேறொன்றும் இருந்தது. அந்த விளையாட்டை ஆடுபவர்களில் பலர் இளைஞர்கள். உயரத்திலிருந்து புரியாத வண்டியெல்லாம் எதிரி வண்டி என்று அவர்களுக்கு மதிப்பெண் கொடுத்துக் கற்றுத்தருவதற்கு என் கையெழுத்து வேண்டும் என்கிறார்கள்.

மறுநாள் பழனியப்பன் அலுவலகத்துக்கு வந்தார். ஜேடர்பாளையத்தில் உறவினர் வீட்டு விசேஷத்துக்கு மகளை அழைத்துப்போக வந்தவர். விஷயம் அவருக்கு முன்பே தெரிந்திருந்தது.

“ஏனுங்க மேடம், என்ற வண்டிய வெள்ளக்காரனெல்லாம் சுடறானாமா?”

வருத்தம் தெரிவித்தேன்.

“அட, உடுங்க. பாலக்காட்டு ரோட்டுல படாத பாடா? டீக்கடையில சொல்லி வெச்சிருக்கறனுங்க, ஏழு நாட்டு ஏரோப்பிளேன் வந்தும் என்ற லோடு நிக்கலைன்னு.”

நான் இரவெல்லாம் மனசாட்சியோடு மல்லுக்கட்டிய விவகாரத்தை அவர் ஒரு டீக்கடைப் பெருமையாக மாற்றியிருந்தார். இளைஞர்கள் அவரைத் தட்டானில் உட்கார வைத்தார்கள். முப்பது ஆண்டுகள் ஸ்டியரிங் பிடித்த கை, சீக்கிரமே பிடிபட்டது. பாலத்தின் மேல் சாய்ந்து வட்டமிட்டார். சாலையோரம் ஒரு நிழலைக் கண்டார். எல்லோரும் புன்னகையோடு காத்திருந்தோம். அவர் பொத்தானை அழுத்தினார். சோதனைக் கணினி என்பதால் வெடிப்பும் திரையிலேயே தெரிந்தது.

“ஒண்ணு அடிச்சேன் பாருங்க” என்றார். “மிலிட்டரி வண்டி. வலை போட்டு மறைச்சு வெச்சிருக்கறான், களவாணி.”

கோமதி மெல்ல, “அப்பா, அது நம்ம வண்டிங்கப்பா” என்றார்.

பழனியப்பன் திரைக்கு அருகே குனிந்து, எரிந்துகொண்டிருந்ததைப் பார்த்தார்.

“நம்முளுதா? நான் என்னைக்குச் சாமி மேல இருந்து பாத்திருக்கறேன்? முன்னால நின்னு பாத்திருக்கறேன். அடியில படுத்துப் பாத்திருக்கறேன்.”

வாசலில் சண்முகவேல் நின்றிருந்தார். நெற்றியில் வைத்த கை அப்படியே இருந்தது. வாசலிலிருந்து அவருக்குத் தெரிந்ததும், மேசையிலிருந்து எங்களுக்குத் தெரிந்ததும், லாரிகளுக்கு நடுவே வளர்ந்ததால் மட்டுமல்ல, மாதக்கணக்காக நாங்களே அதை மேலிருந்து பார்த்துப் பழகியதால்தான் என்பது அந்த நொடியில் அவருக்கும் எனக்கும் விளங்கியது. ஓட்டுபவரே தன் வண்டியைச் சுட்டுவிட்டார். அவர் கண்ணில் பிழையில்லை, லாரியிலும் பிழையில்லை. பிழை உயரத்தில் இருந்தது.

ஆட்டத்தை மறுபடி தொடங்கச் சொல்லி, விமானத்தைக் கீழே இறக்கிப் பாருங்கள் என்றேன். அவர் தாழ இறக்கி, லாரியின் பின்னாலிருந்து ஒருமுறை பறந்தார். தட்டுகளின் விளிம்பு தெரிந்தது. பின்பலகையில் எழுதியிருந்த பெயரும் தெரிந்தது. அசல் வண்டியில் இருப்பதுபோலவே கோமதி அதை எழுதி வைத்திருந்தார். எங்களில் யாரும் அதுவரை அந்த அளவுக்குத் தாழ்ந்து போய்ப் படித்ததில்லை.

“இப்பத் தெரியுதுங்க” என்றார் பழனியப்பன். “கோமதின்னு போட்டிருக்குதே.” இம்முறை பொத்தானை அழுத்தவில்லை.

அன்றே நானும் சண்முகவேலும் சேர்ந்து ஒரு மாற்றுத் திட்டம் எழுதினோம். முதல் பார்வையில் சிவப்புப் புள்ளி விழாது. சாம்பல் நிறத்தில் ஒரு சந்தேகக் குறி மட்டும் விழும். தட்டான் தாழ இறங்கி இரண்டாம் முறை கடந்துபோன பிறகே குறியை உறுதிசெய்ய முடியும். இதற்கான காரணங்களாக நான் போரின் அறம், பார்வையாளரின் பொறுப்பு, இளம் மனங்களின் மீதான விளைவு என்று ஒரு பக்கம் எழுதியிருந்தேன். சண்முகவேல் அதை மரியாதையோடு முழுவதும் படித்தார். பிறகு, “ரொம்ப நல்லா இருக்குதுங்க அம்மணி. இதைய எடுத்துட்டு, ஆட்ட நேரம் கூடுமுன்னு மட்டும் போட்ருங்க” என்றார். அப்படியே அனுப்பினோம். வாடிக்கையாளர் அன்று மாலையே ஏற்றுக்கொண்டார். இவ்வளவு நல்ல யோசனை முன்பே ஏன் வரவில்லை என்று நன்றியுடன் கேட்டிருந்தார். லாரியின் தரப்பைப் பற்றி அதன்பின் யாரும் பேசவில்லை.

புதியவர்கள் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். முட்டை லாரி இன்றும் பொதுமக்கள் தரப்பில்தான் ஓடுகிறது. தான் செய்த வண்டியைத் தானே சோதிக்கும் வழக்கத்தை நிறுத்திவிட்டோம். சண்முகவேல் வாசலில் நின்று பார்ப்பதில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரைக்குப் பக்கத்தில் அமர்கிறார். தட்டான் தாழ வரும்போது சில சமயம் சுடப்பட்டு விழுகிறது. அதனால், ‘அருகில் போய்ப் பார்ப்பது ஆபத்தாக இருக்கிறது’ என்று ஆட்டக்காரர்களிடமிருந்து புகார்கள் வருகின்றன. அவற்றைப் பதிவு செய்துகொள்கிறோம். திருத்துவதில்லை.